கழற்றிய இறக்கைகளை யார் எடுப்பது? காற்றாலை ஒப்புதல் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

காற்றாலைப் புதுப்பிப்புக்கு ஒப்புதல் வழங்கும் அதிகாரிகளுக்கு,

பழைய காற்றாலைகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை நிறுவ அனுமதி கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கொடுக்க வேண்டியதுதான், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் கழற்றிய இறக்கைகள் எங்கே போகின்றன என்று நீங்கள் கேட்பதில்லை. புதிதாக வந்து இறங்கும் இறக்கைகள் எந்த ரெசினில், அதாவது இழைகளைப் பிடித்து இறுகும் எந்தப் பிசினில், செய்தவை என்றும் கேட்பதில்லை. இந்த இரண்டையும் மனுவாக எழுதிக் கொடுத்தேன். பொருள் இவ்வலுவலக வரம்புக்குள் வராது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. பிறகு எந்த அலுவலக வரம்புக்குள் வரும் என்று அதில் இல்லை. ஆகவே எல்லாரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நான் ஃபைபர் வேலைக்காரன். கன்னியாகுமரிக் கடற்கரையில் ஃபைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப்போட்டுத் தொழில் படித்தேன். பிறகு ஆரல்வாய்மொழி, முப்பந்தல், பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலை இறக்கைகளில் விரிசல் அடைக்கும் வேலைக்குப் போனேன். இப்போது சொந்தமாக ஒரு சிறு பட்டறை வைத்திருக்கிறேன். ரெசின், அதை இறுக வைக்கும் ஹார்ட்னர், கண்ணாடி இழை மேட், மேற்பூச்சான ஜெல்கோட் என்று நாள் முழுதும் கையில் புழங்கும் பொருளைப் பற்றித்தான் பேசுகிறேன். வேதியியல் நுணுக்கங்களைப் பாலிமர் அறிவியல் படிக்கும் என் தங்கை மகள் எனக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறாள். அவளிடம் நான் கேட்ட கேள்விகளை நீங்கள் உங்கள் துறை நிபுணர்களிடம் கேட்டிருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

வாளியில் பாலியெஸ்டர் ரெசினை ஊற்றி, ஆக்சிலரேட்டர் கலந்து, அதன்பின் விடும் கேட்டலிஸ்ட் சற்றுக் கூடிப்போனால், பிரஷ்ஷை எடுப்பதற்குள் வாளி கொதித்துப் புகைந்து உள்ளே இருப்பது கல்லாகிவிடும். அந்தக் கட்டியை நெருப்பில் காட்டினாலும் இளகாது, கருகத்தான் செய்யும். பால் கவரையும் பிளாஸ்டிக் குடத்தையும் உருக்கி மறுபடி வார்க்கலாம். அவற்றில் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகள் தனித்தனியாகக் கிடக்கின்றன, சூடு பட்டால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகரும். இறுகிய ரெசினிலோ சங்கிலிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்து ஒரே வலையாகிவிட்டன. அவித்த முட்டையை யாரும் பச்சை முட்டையாக்க முடியாது, அது போலத்தான் இதுவும். அந்த வலைதான் இருபது ஆண்டுகள் ஆடிக் காற்றையும் புழுதியையும் வெயிலையும் தாங்கி இறக்கையை நிறுத்தி வைக்கிறது. இறக்கையின் வேலை முடிந்த பிறகும் அது அவிழ மறுக்கிறது.

இறக்கைக்குள் இருப்பவற்றையும் சொல்லிவிடுகிறேன். எடையில் பெரும்பகுதி கண்ணாடி இழை. அதைப் பிடித்து வைத்திருப்பது எப்பாக்சி அல்லது பாலியெஸ்டர் ரெசின். நடுவே கனம் குறைக்க பால்சா மரமோ நுரைப் பலகையோ வைத்திருப்பார்கள். மேலே ஜெல்கோட் பூச்சு, உள்ளே இடிதாங்கிக் கம்பி. பழைய இறக்கைகளில் எதில் பாலியெஸ்டர், எதில் எப்பாக்சி என்பது எங்கும் எழுதப்பட்டிருக்காது. வெட்டும்போது வரும் வாடையை வைத்து நாங்கள் ஊகிக்கிறோம். இத்தனை பெரிய தொழிலில் ஒரு பொருளின் உள்ளடக்கம் கூலிக்காரனின் மூக்கை நம்பி இருப்பது உங்களுக்கு வெட்கமாக இல்லையா?

கழற்றும் நாளில் நடப்பதைச் சொல்கிறேன். கிரேன் வரும். கோபுரம் நல்ல இரும்பு, கிலோக் கணக்கில் விலை பேசி உடனே லாரியில் ஏறும். கியர்பாக்ஸுக்கும் ஜெனரேட்டருக்கும் செம்புக் கம்பிக்கும் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். எல்லாம் போன பிறகு, மூன்று இறக்கைகள் மட்டும் காட்டில் கிடக்கும். அவற்றைப் பணம் கொடுத்து வாங்க ஆள் கிடையாது. எடுத்துப்போக வேண்டுமென்றால் நாம்தான் பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் அடுத்த வாரம் வண்டி அனுப்புகிறேன் என்பார். அடுத்த பருவமும் வந்துவிடும். குத்தகைக்கு நிலம் விட்ட விவசாயி, தன் முருங்கைத் தோட்டத்தின் ஓரத்தில் கிடக்கும் இறக்கையைச் சுற்றி ஏர் ஓட்டுவார். எங்கள் பக்கத்தில் இப்படிக் கிடப்பவற்றை நான் காட்டுகிறேன், ஒருநாள் வாருங்கள். உடைமரங்களுக்கு நடுவே நிழலுக்கு ஆடுகள் ஒண்டிக் கிடக்கும், அதை வைத்துத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

அப்படியே கிடந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இடம் காலியாக வேண்டும் என்று யாராவது அவசரப்பட்டால்தான் ஆபத்து தொடங்குகிறது. ஆங்கிள் கிரைண்டரை வைத்து வெட்டச் சொல்வார்கள். வெட்டும் பையன்களுக்கு முகத்தில் கட்டிய துண்டுதான் பாதுகாப்பு. கண்ணாடித் தூள் மயிர்க்கால்களில் ஏறினால் இரவு முழுதும் உறக்கம் வராது. சோப்பு போட்டாலும் போகாது, தேய்த்தால் இன்னும் உள்ளே இறங்கும். கண்ணில் பட்டதையும் நெஞ்சுக்குள் போனதையும் யார் கணக்கு வைத்தார்கள்? வெட்டிய துண்டுகளைக் குளத்தங்கரைப் பள்ளத்தில் தட்டியதையும், இரவில் எரித்ததையும் பார்த்திருக்கிறேன். கரும்புகை அடங்கிய பிறகு காலையில் போய்ப் பார்த்தால் ரெசின் மட்டும் எரிந்து போயிருக்கும். கண்ணாடி இழை நரைத்த முடி போல அப்படியே கிடக்கும், காற்றுக்குப் பறக்கும். எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதை நம்பித்தானே இத்தனை கோபுரங்களும் வந்தன.

ஏதோ நாலைந்து இறக்கைகள்தானே என்று நினைக்க வேண்டாம். தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 1986இல் காற்றாலைகள் நிறுவப்பட்டன. 1990களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் முழுதும் நிறைந்துவிட்டது. அக்காலத்து இயந்திரங்கள் 225, 250 கிலோவாட் அளவில் இருந்தன, இறக்கையும் பன்னிரண்டு பதின்மூன்று மீட்டர்தான். இன்று வருபவை இரண்டு, மூன்று மெகாவாட், அதற்கும் மேல். இறக்கை ஒவ்வொன்றும் அறுபது மீட்டரைத் தாண்டுகிறது. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 10 கிலோ கலவைப் பொருள், அதாவது இழையும் ரெசினும் சேர்ந்தது, என்று இத்துறையில் தோராயமாகக் கணக்கிடுவது வழக்கம். தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ ஒரு லட்சம் டன் வருகிறது. அதில் முதிர்ந்த பகுதிதான் இப்போது இறங்கத் தொடங்கியிருக்கிறது. புதுப்பிப்புக்கென்று 2016இல் மத்திய அரசு கொள்கை வெளியிட்டது, 2023இல் அதைத் திருத்தியது, 2024இல் மாநிலமும் தன் கொள்கையை வெளியிட்டது. எங்கள் காட்டில் கிடக்கும் இறக்கை இத்தனைக்குப் பிறகும் ஒரு அடி நகரவில்லை.

அமெரிக்காவிலேயே மண்ணில்தானே புதைக்கிறார்கள் என்று ஓர் அதிகாரி என்னிடம் சொன்னார். உண்மைதான், வயோமிங் மாநிலத்தின் காஸ்பர் நகரில் இறக்கைகளைத் துண்டுபோட்டு வரிசையாக அடுக்கிப் புதைத்தார்கள். அங்கே அதற்கென்று ஒதுக்கிய குப்பைமேடாவது இருந்தது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நெதர்லாந்திலும் அப்படிப் புதைக்கக்கூடத் தடை உண்டு என்பதை அவர் சொல்லவில்லை. கெட்ட முன்மாதிரி என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வந்துவிடுகிறது.

உடனே செய்யக்கூடிய ஒரு வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இறக்கையைத் தூளாக்கிச் சிமெண்ட் சூளையில் போடலாம். சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் ரெசின் எரிபொருளாகிவிடும், கண்ணாடி இழையில் உள்ள சிலிக்காவும் சுண்ணாம்பும் சிமெண்டாக அரைக்கப்படும் கிளிங்கர் கட்டியில் கலந்துவிடும். ஜெர்மனியில் பல ஆண்டுகளாக இதைச் செய்கிறார்கள், அமெரிக்காவில் 2020 முதல் செய்கிறார்கள். எங்களுக்குத் தாழையூத்திலேயே சிமெண்ட் ஆலை இருக்கிறது, ஆலங்குளத்திலும் இருக்கிறது. கண்ணாடி இழையை இழையாகவே மீட்காமல் கிளிங்கரில் கரைத்துவிடுவதால் இது உத்தமமான மறுசுழற்சி என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் குளத்தங்கரையில் எரிப்பதைவிட எவ்வளவோ மேல். இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. நடுவில் இருக்கும் நுரைப் பலகை பி.வி.சி.யாக இருந்தால் அதில் குளோரின் இருக்கும், சூளைக்காரர்கள் அதை விரும்பமாட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல் இல்லாமல் எந்தச் சூளைக்காரர் இறக்கையை வாங்குவார்?

பழைய இறக்கைகளின் கதை இது. புதியவற்றைப் பற்றித்தான் எனக்குக் கோபம் அதிகம். பழையதைச் செய்தவர்களுக்கு வேறு வழி தெரியாது. இன்று வழி தெரிகிறது, தெரிந்தும் கேட்காமல் கையெழுத்திடுகிறீர்கள்.

இறுகிய ரெசின் இறுகியதுதான் என்று நான் தொழில் படித்தபோது சொல்லிக் கொடுத்தார்கள். பாரிசில் லுட்விக் லைப்லர் என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் 2011இல் அதை மாற்றிக் காட்டினார்கள். எப்பாக்சி வலையில் எஸ்டர் பிணைப்புகளை வைத்து, ஒரு வினையூக்கியையும் சேர்த்தார்கள். சூடேற்றினால் அந்தப் பிணைப்புகள் இடம் மாறிக்கொள்ளும். ஒன்று அவிழும் இடத்தில் வேறொன்று பிணைந்துகொள்வதால் வலை அறுவதில்லை, உருவம் மட்டும் மாறுகிறது. சூட்டில் கண்ணாடியைப் போல மெல்ல இளகிக் கொடுக்கும், ஆறினால் பழைய வலுவோடு நிற்கும். விட்ரிமர் என்று பெயர் வைத்தார்கள். இதைக் கேட்டபோது என் தங்கை மகளிடம் மறுபடி மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டேன். கல்லாகிப்போன வாளிகளைக் கணக்கில்லாமல் தூக்கி எறிந்தவனுக்கு இது சாதாரணச் செய்தி இல்லை.

அது ஆய்வுக்கூடச் சங்கதி, இறக்கை செய்ய உதவுமா என்று கேட்பீர்கள். சீமென்ஸ் கமேசா நிறுவனம் 2021 செப்டம்பரில் மறுசுழற்சி செய்யத்தக்க இறக்கையை அறிவித்தது. டென்மார்க்கின் ஆல்போர்க் ஆலையில் செய்த அந்த இறக்கையின் நீளம் 81 மீட்டர். மறு ஆண்டே வட கடலில் உள்ள ஜெர்மனியின் காஸ்காசி கடற்காற்றாலைப் பண்ணையில் அவற்றை ஏற்றிவிட்டார்கள். மாற்றம் முழுதும் ரெசினில்தான், ஆனால் இது விட்ரிமர் இல்லை, வேறு வழி. இறுகும்போது வழக்கமான எப்பாக்சி போலவே வலுவான வலையாகிறது. ஆனால் அதன் ஹார்ட்னரில் வேண்டுமென்றே ஒரு பலவீனமான கண்ணி வைக்கப்பட்டிருக்கிறது. வெதுவெதுப்பான மென் அமிலத்தில் ஊறவைத்தால் அந்தக் கண்ணி விடுபடும். ரெசின் கரைந்து தனியே வரும், கண்ணாடி இழையும் மரமும் நுரையும் தனித்தனியே கையில் கிடைக்கும். மழையிலும் வெயிலிலும் அது அவிழாது, அமிலத் தொட்டிக்குள் போனால் மட்டும்தான் அவிழும்.

அந்த ரெசின் யாருடையது தெரியுமா? நம் நாட்டு ஆதித்ய பிர்லா குழுமத்துடையது. கலிபோர்னியாவின் சிறு நிறுவனம் ஒன்று உருவாக்கிய அந்தத் தொழில்நுட்பத்தை 2019இல் வாங்கி, உலகச் சந்தைக்குக் கொண்டுபோனவர்கள் அவர்கள். இந்தியக் குழுமம் ஒன்றின் ரெசின் வட கடலில் சுழல்கிறது. முப்பந்தலில் ஏறும் இறக்கைக்கு அது வேண்டும் என்று கேட்க இங்கே ஒரு விண்ணப்பப் படிவத்தில்கூட இடமில்லை. இதற்கு என்ன காரணம் சொல்வீர்கள்?

இது ஒன்றுதான் வழி என்றும் இல்லை. இறுகினாலும் சூட்டில் உருகும் ரெசினைக் கொண்டு 2022இல் ஸ்பெயினில் 62 மீட்டர் இறக்கை செய்தார்கள். அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் 2024இல் தாவர மூலங்களிலிருந்து பெறத்தக்க ரெசினால் 9 மீட்டர் இறக்கை ஒன்றைச் செய்து காட்டியது. மெத்தனாலில் சூடேற்றினால் ஆறு மணி நேரத்தில் அந்த ரெசின் பிரிந்துவிடுகிறது. ஒன்பது மீட்டர் என்றால் சிறிதுதான். ஆனால் எங்கள் ஊருக்கு முதன்முதலில் வந்த இறக்கைகளைவிட அது ஒன்றும் அவ்வளவு குட்டையில்லை.

ஏற்கெனவே கிடக்கும் பழைய எப்பாக்சி இறக்கைகளையும் அறிவியல் விட்டுவிடவில்லை. டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல், ருத்தேனியம் என்ற உலோகத்தை வினையூக்கியாக வைத்து, பயன்படுத்தி ஓய்ந்த இறக்கைத் துண்டிலிருந்தே கண்ணாடி இழையையும் எப்பாக்சியின் மூலப்பொருளான பிஸ்பீனால் ஏ-யையும் பிரித்தெடுத்தார்கள். ருத்தேனியம் விலை உயர்ந்தது. வினை நடக்க நாள்கள் ஆகின்றன. பட்டறைக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். தூரம் இருப்பதால்தான் நம் ஆய்வகங்கள் அதில் இறங்க வேண்டும் என்கிறேன். மலிவான வினையூக்கி ஒன்றைக் கண்டுபிடிக்க, காட்டில் மாதிரிகள் இலவசமாகக் கிடக்கும் ஊர் இதைவிட எது?

இந்த இடத்தில் பாலிமர் ஆய்வுக்கு நிதி ஒதுக்குவோரிடமும் ஒரு வார்த்தை. தானே ஆறும் பாலிமர், பழைய உருவத்துக்குத் திரும்பும் நினைவு கொண்ட பாலிமர் என்று செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறேன். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் வைட் குழுவினர் 2001இல் நுண்ணிய குமிழ்களில் ஒட்டுமருந்தை அடைத்து எப்பாக்சிக்குள் கலந்தார்கள். விரிசல் விழுந்தால் குமிழ் உடைந்து மருந்து ஊறி, விரிசலை மூடும். முறிவைத் தாங்கும் திறனில் 75 விழுக்காடு வரை திரும்பக் கிடைத்ததாம். கயிற்றில் தொங்கி விரிசல் அடைத்தவன் என்ற முறையில் அதை நான் வணங்குகிறேன். எங்கள் பக்கத்துப் புழுதிக் காற்று இறக்கையின் முன்விளிம்பை அரித்துத் தின்பதற்கு அப்படியொரு மருந்து வந்தால் நல்லதுதான். ஆனால் இறக்கையின் ஆயுளை ஐந்தாண்டு நீட்டுவதற்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கையாவது, ஆயுள் முடிந்தபின் அதை அவிழ்ப்பதற்கு ஒதுக்குங்கள். பளபளப்பான ஆய்வுக்குத்தான் பரிசு கிடைக்கும் என்றால் குப்பையைத் தொட யார் வருவார்கள்? மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் வாசுதேவன் தெருவில் கிடந்த பிளாஸ்டிக் பையிலிருந்து தொடங்கி, சூடான ஜல்லியில் அதைப் பூசிச் சாலை போட்டுக் காட்டினார். அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தோம். குப்பையிலிருந்து தொடங்கும் ஆய்வு நமக்குத் தெரியாத வித்தை இல்லை.

மறுபடி உங்களிடம் வருகிறேன். சூரியத் தகடுகள் 2022ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகளுக்குள் வந்துவிட்டன. மின்கலத்துக்கும் அதே ஆண்டில் விதி வந்தது. பிஸ்கட் உறை விற்பவருக்கும் கழிவைத் திரும்பப் பெறும் பொறுப்பு இருக்கிறது. அறுபது மீட்டர் இறக்கை விற்பவருக்கு அப்படி ஒரு பொறுப்பு விதிக்கப்படவில்லை. உறையின் எடை சில கிராம், இறக்கையின் எடை டன் கணக்கில்.

இதையெல்லாம் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கடற்கரைக்குப் போனால் போதும். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் வள்ளங்கள் வந்து குவிந்தன. மரத்துக்கு மாற்று, பராமரிப்பு குறைவு என்று எல்லாரும் மகிழ்ந்தோம், எனக்கும் வேலை கிடைத்தது. உடைந்த வள்ளத்தை என்ன செய்வது என்று அன்று யாரும் கேட்கவில்லை. இன்று கரையோரம் மண்ணில் பாதி புதைந்து கிடக்கின்றன, சிலவற்றை எரிக்கிறார்கள். அதே ரெசின், அதே கண்ணாடி இழை. நிவாரணம் கொடுத்த அவசரத்தில் அந்தக் கேள்வி விட்டுப்போயிற்று என்றால் மன்னிக்கலாம். காற்றாலைக்கு அப்படி என்ன அவசரம்?

செலவு கூடும், முதலீட்டாளர் ஓடிவிடுவார் என்பார்கள். ரெசின் என்பது ஒரு காற்றாலையின் விலையில் சிறு பகுதி, அதில் ஏறும் வித்தியாசம் அதைவிடச் சிறியது. இறக்கையைக் காட்டில் விட்டுவிட்டுப் போகும் செலவு இன்று பூஜ்யமாகத் தெரிவதற்குக் காரணம், அதை விவசாயியும் வெட்டும் பையனும் சுமப்பதுதான். அவர்கள் பங்கையும் எழுதி வைத்துவிட்டுப் பிறகு எது மலிவு என்று சொல்லுங்கள். காற்றாலை வேண்டாம் என்று இதை யாரும் திரிக்கவும் வேண்டாம். அதில்தான் நான் சோறு சாப்பிட்டேன், அனல்மின் நிலையச் சாம்பலைவிட இந்த இறக்கை மேல் என்பதும் எனக்குத் தெரியும்.

நான் கேட்பவை இவை.

புதுப்பிப்புக்கான ஒவ்வொரு விண்ணப்பத்திலும், கழற்றப்படும் இறக்கைகள் எந்த ஆலைக்கு, எந்த வழியில் போகும் என்பதை எழுத வைத்து, அதற்கு ஈடாக ஒரு வைப்புத்தொகையைப் பெற்றுக்கொள்ளுங்கள். ஆலையிலிருந்து ரசீது வந்தால்தான் அந்தத் தொகை திரும்பப் போக வேண்டும், புதிய இயந்திரத்துக்கு மின் இணைப்பும் அதன் பிறகே கிடைக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் அடுத்த வாரம் வருவார் என்ற பேச்சுக்கு இடமே இருக்கக்கூடாது.

புதிதாக ஏறும் ஒவ்வொரு இறக்கைக்கும் உள்ளடக்கப் பட்டியல் வேண்டும். ரெசின் எது, ஹார்ட்னர் எது, நடுப்பலகை மரமா, பி.வி.சி.யா, இழை கண்ணாடியா, கரியா என்பதெல்லாம் இறக்கையின் அடிப்பகுதியில் அழியாமல் பொறிக்கப்பட வேண்டும், உங்கள் அலுவலகத்திலும் பொதுமக்கள் பார்க்கும்படி பதிவாக வேண்டும். இருபத்தைந்து ஆண்டு கழித்து அதை வெட்ட வருபவன் வாடை பிடித்துக் கண்டுபிடிக்கும் நிலை இருக்கக்கூடாது. அவிழ்க்கத்தக்க ரெசினில் செய்த இறக்கைகளுக்கு ஒப்புதலில் முன்னுரிமை கொடுங்கள். குறிப்பிட்ட ஓர் ஆண்டுக்குப் பிறகு அவற்றுக்கு மட்டுமே அனுமதி என்று இப்போதே அறிவித்துவிடுங்கள். ஆண்டை நீங்கள் முடிவு செய்யுங்கள், ஆனால் அறிவிப்பு இல்லாமல் எந்த நிறுவனமும் அசையாது.

ஏற்கெனவே கிடக்கும் இறக்கைகளைக் கிராம வாரியாகக் கணக்கெடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டாலே பாதிக் கணக்கு கிடைத்துவிடும். திருநெல்வேலி, கன்னியாகுமரி, தூத்துக்குடி மாவட்டங்களுக்குப் பொதுவாக ஓரிடத்தில் வெட்டும் கூடம் ஒன்றை அமையுங்கள். தண்ணீர் தெளித்து வெட்டும் ரம்பம், தூசி உறிஞ்சும் கருவி, சரியான முகமூடி, முழுக்கை உடை எல்லாம் அங்கே இருக்க வேண்டும். திறந்த வெளியில் கிரைண்டர் வைத்து வெட்டுவதையும் எரிப்பதையும் தடைசெய்து, மீறினால் காற்றாலை உரிமையாளரைத் தண்டியுங்கள், கூலிக்கு வந்த பையனைப் பிடிக்காதீர்கள். சிமெண்ட் ஆலைகளோடு பேசி என்ன அளவில், எந்த நிபந்தனையில் எடுத்துக்கொள்வார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நீளமும் வளைவும் கெடாத இறக்கைகளை வெட்டாமலே பயன்படுத்தவும் வழி உண்டு. அயர்லாந்தின் கார்க் பகுதியில் அவற்றை உத்தரமாக வைத்து நடைபாலம் கட்டியிருக்கிறார்கள். எங்கள் ஓடைகளுக்கும் நடைபாலம் தேவைதான்.

பள்ளிக்கரணையில் தேசிய காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறது, கயத்தாற்றில் அதற்குச் சோதனை நிலையம் இருக்கிறது. கிண்டியில் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட் இருக்கிறது. இவற்றையும் மாநிலப் பல்கலைக்கழகங்களின் பாலிமர் துறைகளையும் சேர்த்து, பழைய இறக்கையைப் பிரிக்கும் முன்னோடி ஆலை ஒன்றுக்கு நிதி ஒதுக்குங்கள். அதன் ஆலோசனைக் குழுவில் ஃபைபர் வேலை செய்பவர் ஒருவருக்கும், நிலம் குத்தகைக்கு விட்ட விவசாயி ஒருவருக்கும் இடம் கொடுங்கள்.

கடைசியாக, இந்த மடலுக்குப் பதில் எழுதும்போது எந்த அலுவலகம் பொறுப்பு, அதில் எந்தப் பதவியில் இருப்பவர் பொறுப்பு என்பதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பலத்த காற்று அடங்கியதும் ஐப்பசி வாக்கில் மறுபடி கிரேன்கள் வரும். அதற்கு முன்பாகப் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
ஃபைபர் பட்டறைக்காரன் ஒருவன்,
பணகுடி வட்டாரம்